பழைய வள்ளத்துக்குப் புதுப் பெயர்: பாதி அழிப்பதுதான் தோஷம்

கேள்வி: கூத்தங்குழியிலிருந்து எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கரை ஒன்றில் எட்டு வருடம் ஓடிய 30 அடி பைபர் வள்ளத்தை விலைக்கு வாங்கியிருக்கிறேன். பெயர் ‘சகாய மாதா’. அதே பெயரில் எங்கள் ஊரில் ஏற்கெனவே இரண்டு வள்ளம் ஓடுகிறது. அதனால் ‘அந்தோனியார்’ என்று மாற்ற நினைக்கிறேன். “பேரு மாத்துன வள்ளத்துல மீன்பாடு இருக்காது, அதுவும் மாதா பேரை அழிக்கலாமா?” என்கிறாள் அம்மா. கப்பலில் வேலை பார்க்கும் மச்சான், பழைய பெயரில் ஒரு எழுத்துகூட மிஞ்சக்கூடாது, கடலில் ஒயின் ஊற்றிச் சடங்கு செய்ய வேண்டும் என்கிறான். பெயிண்டரைக் கேட்டால், மேலே ஒரு கோட் எனாமல் அடித்து எழுதிவிடலாம், அரை நாள் வேலை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

தம்பி, மூன்று பேரில் பெயிண்டர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். அம்மாவின் பயத்துக்கும் மச்சானின் சாஸ்திரத்துக்கும் ஏதோ ஓர் அடிப்படை இருக்கிறது. பெயிண்டர் சொல்லும் அரை நாள் வேலைக்கு அதுவும் கிடையாது. அடுத்த ஆடிக்குள் ‘அந்தோனியார்’ உரிந்து, அடியிலிருந்து ‘சகாய மாதா’ எட்டிப் பார்ப்பாள். அப்போது அம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் மச்சான் பேச்சு. மேல்நாட்டு மாலுமிகளிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு கப்பலின் பெயரையும் கடலரசன் ஆழத்தில் ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறான். அவனுக்குச் சொல்லாமல் பெயரை மாற்றினால் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று கோபம் கொள்வான் என்பது அது. அதனால் பழைய பெயர் உள்ள எல்லாவற்றையும் கப்பலிலிருந்து நீக்கி, அந்தப் பெயரைப் பேரேட்டிலிருந்து அடித்துவிடும்படி வேண்டி, கடலுக்கு மது வார்த்து, அதற்குப் பிறகே புதுப் பெயர் சூட்டுவார்கள். அது அவர்கள் வழக்கம். உவரியிலும் இடிந்தகரையிலும் அப்படி ஒரு சடங்கு இல்லை. நம் கரையில் பங்குச்சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். இந்துக் குடும்பம் என்றால் பூசை போட்டுத் தேங்காய் உடைப்பார்கள். ஒயின் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். ஆனால் ‘ஒரு எழுத்துகூட மிஞ்சக்கூடாது’ என்கிறானே, அதை அப்படியே கேளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெயர் மாற்றியதால் கப்பல் கெட்டது என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்லவில்லை. டிரேக் என்ற ஆங்கிலேய மாலுமி 1578-இல், மகெல்லன் நீரிணையில் நுழையும் முன்பு, பாதிப் பயணத்தில் ‘பெலிகன்’ என்ற தன் கப்பலை ‘கோல்டன் ஹைண்ட்’ என்று மாற்றினார். உலகைச் சுற்றி 1580-இல் புதையலோடு ஊர் திரும்பியது அந்தக் கப்பல்தான். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். விராட் கதையையும் அம்மாவிடம் சொல்லுங்கள். அது ‘எலிபெண்ட்’ என்ற பெயரில் கட்டத் தொடங்கி, ‘ஹெர்மிஸ்’ ஆகி, ஆங்கிலேயர் ஓட்டிக் கழித்த பிறகு நாம் வாங்கிய கப்பல். 1987-இல் மூன்றாவது பெயரோடு நம்மிடம் சேர்ந்து 2017 வரை முப்பது வருடம் ஓடியது. மறுபக்கமும் உண்டு. வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனி வாங்கிய காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்த பெயரோடேயே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. கம்பெனி முறிந்ததற்குக் காரணம் வெள்ளைக்காரன், பெயர் இல்லை.

மாதா பெயரை அழிப்பது பற்றி அம்மாவுக்கு இருக்கும் உறுத்தலைத் தட்டிக் கழிக்காதீர்கள். உப்புத்தாள் எடுத்து மாதா பெயரைத் தேய்ப்பதைக் கரையில் நாலு பேர் பார்ப்பார்கள். பிறகு வலை ஒருநாள் வெறுமையாக வந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். தேய்ப்பதற்கு முன்பு பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அணியத்துக்கு (வள்ளத்தின் முன்முனைக்கு) உள்பக்கம் ஒரு சின்ன மாதா சுரூபமோ படமோ வைத்துவிட்டால் பெயர்தான் மாறியது, மாதா போகவில்லை என்று அம்மாவுக்கும் ஆறுதல். விற்றவரையும் ஒருமுறை கேளுங்கள். குடும்பத்துக்கு ராசியான பெயர் என்று அடுத்த வள்ளத்துக்கு அதையே வைக்க நினைப்பவர்கள் உண்டு. அப்படியானால் அவருக்கும் இந்தப் பெயர் உங்கள் வள்ளத்திலிருந்து முழுக்கப் போக வேண்டும்.

புதுப் பெயரைப் பற்றி ஒன்று கேட்கிறேன். ஊரில் இரண்டு சகாய மாதா இருக்கிறது என்றுதானே மாற்றுகிறீர்கள்? அந்தோனியார் கோயில் இருக்கும் உவரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வெறும் ‘அந்தோனியார்’ என்று வைத்தால் கூப்பிட்டவுடன் எத்தனை வள்ளம் திரும்பிப் பார்க்கும்? கூடவே ஒரு சொல் சேருங்கள். வீட்டுப் பெயரோ பிள்ளை பெயரோ எதுவானாலும் சரி. கச்சான் காற்றிலும் என்ஜின் சத்தத்திலும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் விளங்க வேண்டும், அதுதான் சோதனை. ஒரே மூச்சில் சொல்லி முடிகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைப்பதாக இருந்தால் அதை இப்போதே முடித்துவிடுங்கள். வள்ளத்தில் தமிழில் எழுதுவீர்கள், காகிதத்தில் ஆங்கிலத்தில் ஏறும். அந்தோனிக்கு ஆங்கிலத்தில் ‘எச்’ போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். பதிவுச் சான்றிதழில் ஒருவிதம், இன்சூரன்ஸில் ஒருவிதம், சங்கத்தில் ஒருவிதம் என்று போய்விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் அந்த ஒற்றை எழுத்து மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு தாளில் ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக எழுதி, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

இனி காகித வேலை. பெயிண்டைத் தொடும் முன்பே இது முடிய வேண்டும். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கடலில் சோதனை வரும்போது முழிக்கிறார்கள். காகிதத்தில் ஒரு பெயர், வள்ளத்தில் இன்னொரு பெயர் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தாருக்கு அது திருட்டு வள்ளமாகத்தான் தெரியும். திருடிய படகுக்கு முதலில் செய்வதே பெயர் மாற்றம்தானே.

உங்களுக்கு வேலை இரண்டு: ஒன்று உரிமையாளர் மாற்றம், மற்றது பெயர் மாற்றம். உரிமை உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் வள்ளத்தின் பெயரை மாற்றக் கேட்க முடியும். சில சமயம் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். விற்றவரிடமிருந்து வாங்க வேண்டியவை: அசல் பதிவுச் சான்றிதழ், மீன்பிடி உரிமம், முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தான விற்பனைப் பத்திரம், என்ஜின் பில், கடன் ஏதும் இல்லை என்று வங்கியும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் தரும் சான்று. வள்ளம் மாவட்டம் விட்டு மாவட்டம் வந்திருப்பதால் விற்றவர் பக்கத்து மீன்வள அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வேண்டும். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு இராதாபுரத்தில் உள்ள மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். விண்ணப்பம் மீன்பிடிப் படகுப் பதிவுக்கான ‘ரியல்கிராஃப்ட்’ இணையதளம் வழியாக ஏறும். ஆய்வாளர் வந்து வள்ளத்தின் நீள அகலத்தையும் என்ஜின் எண்ணையும் ஒத்துப் பார்ப்பார். என்ஜினை மட்டும் முன்பே மாற்றியிருந்தால் அதை மறைக்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பதிவு எண் என்பது வேறு, பெயர் என்பது வேறு. ‘ஐ.என்.டி. – டி.என்.’ என்று தொடங்கி, நடுவில் மாவட்ட எண்ணும், மோட்டார் பொருத்திய படகு என்பதற்கு ‘எம்.ஓ.’ என்ற எழுத்தும் வருகிறதே, அதுதான் அரசுக்கு உங்கள் வள்ளம். அலுவலகம் புது எண்ணை எழுதித் தரும்வரை பழைய எண்ணில் கை வைக்காதீர்கள். பெயிண்டர் ‘சேர்த்தே புதுசாக்கிடுறேன்’ என்பார், விடாதீர்கள். வள்ளத்தின் நிறத்துக்கும் துறையின் கட்டுப்பாடு உண்டு, ஆசைக்கு நிறம் மாற்றக் கூடாது.

இப்போது பெயரை அழிக்கும் வேலை. எட்டு வருடத்து வள்ளம் என்பதால் எனாமல் பெயிண்டில்தான் எழுதியிருப்பார்கள். முதல் வேலை தேய்ப்பது இல்லை, கழுவுவது. சாளை எண்ணெயும் மண்ணெண்ணெயும் உப்பும் பலகையில் ஊறியிருக்கும். அப்படியே தேய்த்தால் அந்த எண்ணெய் உப்புத்தாள் கீறிய கோடுகளுக்குள் இறங்கிவிடும். மேலே அடிக்கும் பெயிண்ட் அங்கங்கே ஒட்டாமல் விலகிக் குழி குழியாக நிற்கும். ‘மீன்கண்’ விழுந்திருக்கிறது என்பார்கள். மீன் பிடிக்கிற வள்ளத்துக்கு மீன்கண் ஆகாது! சோப்புத்தூள் கரைத்து இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசுங்கள். கடல் தண்ணீரில் அலசினால் கழுவியதே வீண். உப்பு அடியில் தங்கி ஈரத்தை இழுத்து, பின்னால் கொப்புளமாக எழும்பும்.

காய்ந்த பிறகு கூர்மை மழுங்கிய பட்டித் தகட்டால் எனாமலைச் சுரண்டி, 220 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும். பிறகு 320. கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவர் மருந்தைப் பூசாதீர்கள். அது எனாமலோடு நிற்காது, அடியில் பைபரின் மேல்பூச்சாக இருக்கும் ஜெல்கோட்டையும் இளக்கிவிடும். ஸ்டிக்கராக இருந்தால் உச்சி வெயிலில் சூடேறியதும் ஒரு மூலையிலிருந்து சாய்வாக இழுத்தால் வந்துவிடும். மிஞ்சும் பசையைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து உடனே கழுவுங்கள், ஊற விடக்கூடாது.

இதோடு முடியாது. எழுத்தை முழுக்க எடுத்த பிறகும் பெயரை வாசிக்க முடியும். எட்டு வருட வெயிலில் சுற்றியுள்ள ஜெல்கோட் வெளுத்திருக்கும். எழுத்துக்கு அடியில் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு பளிச்சென்று நிற்கும். காலை வெயில் சாய்ந்து விழும்போது ‘சகாய மாதா’ அப்படியே தெரியும். பயந்தவருக்கு இது போதும். உண்மையில் வெறும் வெயில் செய்த வேலை. எழுதாமல் வெறுமையாக விடப்போகும் இடம் என்றால் 600, 800, 1200 என்று படிப்படியாகத் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெழுகடித்தால் பெரும்பாலும் மறையும். ஆனால் ஜெல்கோட் மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் நார் தெரிந்துவிடும். நீங்கள் அதே இடத்தில் எழுதப் போவதால் அந்தப் பட்டையை முழுதாகப் பெயிண்ட் அடிப்பதே மேல்.

அணியத்தில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அதை பைபரிலேயே எழுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிரைண்டரால் சமமாக்கி, ரெசினில் பைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) நனைத்து ஒரு படுகை போட வேண்டும். நம்மூர் வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 10 மில்லி போதும், 20-ஐத் தாண்டவே கூடாது. ரெசினில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முதலிலேயே கலந்திருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். அளக்கும் கோப்பைகூட ஒன்றாக இருக்கக் கூடாது. கார் ஒர்க்‌ஷாப் பட்டி வைத்து நிரவ வேண்டாம். தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும்.

பெயிண்டில் ஒரு பிடிவாதம் வேண்டும். இரண்டு டின் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் வெயிலுக்கும் உப்புக்கும் தாங்கும். ஆனால் பழைய எனாமல் துளி மிஞ்சிய இடத்தில் பி.யூ. அடித்தால் அதன் தின்னர் எனாமலைத் தூக்கி, பால் ஆடைபோல் சுருங்க வைத்துவிடும். மச்சான் சொன்ன ‘ஒரு எழுத்துகூட மிஞ்சக்கூடாது’ என்பது இங்கே கெமிஸ்ட்ரி. முதலில் எபாக்ஸி பிரைமர் ஒரு கோட், மேலே பி.யூ. இரண்டு கோட். கலவை விகிதம் டின்னில் எழுதியிருக்கும், கண்ணளவு வேண்டாம். இரு பக்கமும் எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலப் பட்டை என்றால் 24 சதுர அடி. என்ஜின் மாட்டும் பின்பலகையைச் சேர்த்தால் 30-க்குள் அடங்கும். அரை லிட்டர் பிரைமரும் ஒரு லிட்டர் பி.யூ.வும் போதும், மிச்சம் பின்னால் உரசல் விழும்போது உதவும். எழுத்துக்கு 200 மில்லி.

காலை ஒன்பது மணிக்கு மேல், பனியும் ஈரமும் காய்ந்த பிறகு தொடங்கி, மாலை நாலு மணிக்குள் கடைசிக் கோட்டை முடியுங்கள். அந்தி ஈரம் விழுந்தால் பளபளப்பு செத்துப் பால்நிறம் தட்டும். ஆனி ஆடியில் கச்சான் வீசும்போது வள்ளம் கரையில் சும்மாதானே கிடக்கிறது என்று அப்போது வைத்துக்கொள்ளத் தோன்றும். திறந்த மணலில் செய்தால் பெயிண்ட் முழுக்க மணல் ஒட்டி உப்புத்தாளாகிவிடும். கொட்டகை இருந்தால் மட்டும் அந்த மாதங்கள்.

எழுதும்போது எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று. தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். வள்ளத்தின் இடப்பக்கத்தில் அணியத்திலிருந்து பெயர் தொடங்கும். வலப்பக்கத்தில் பெயர் அணியத்தில் வந்து முடியும். வலப்பக்கத்தை முதல் எழுத்திலிருந்து எழுதிக்கொண்டு போனால் அணியத்துக்கு வரும்போது இடம் போதாமல் ‘யார்’ நசுங்கிவிடும். அந்தப் பக்கத்துக்குக் கடைசி எழுத்தின் இடத்தை முதலில் குறித்து, பின்னோக்கி அளந்து வாருங்கள். முழுப் பெயரையும் தாளில் எழுதி வெட்டி, டேப்பால் ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று பார்த்த பிறகு பிரஷைத் தொடுங்கள். மட்டம் பார்த்து நூல் அடித்தாலும் தவறு. அணியம் மேல்நோக்கி வளைவதால் நேர்கோட்டு எழுத்து தொங்குவதுபோல் தெரியும். வள்ளத்தின் மேல் விளிம்பு வளைகிற வளைவிலேயே கோடு போக வேண்டும். எழுத்து உயரம் ஆறு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், கோட்டின் தடிமன் ஒரு அங்குலம். வலை இழுக்கும் பக்கத்தில் விளிம்பிலிருந்து நாலு அங்குலமாவது இறக்கி எழுதுங்கள், இல்லையென்றால் கயிறு உரசி முதல் மாதத்திலேயே தலையெழுத்து அழியும்.

வெளியே எழுதியதோடு பெயர் மாறிவிடவில்லை. லைஃப் ஜாக்கெட், மிதவை, கொடிக்கம்பு, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் கேன், துடுப்பு, என்ஜின் மூடி என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு ‘சகாய மாதா’ ஒளிந்திருப்பாள். ஒரு லைஃப் ஜாக்கெட் கழன்று மிதந்து யார் கையிலாவது கிடைத்தால், அதில் உள்ள பெயரை வைத்துத்தான் எந்த ஊருக்குச் செய்தி சொல்வது என்று முடிவு செய்வார்கள். பழைய பெயர் இருந்தால் செய்தி விற்றவர் வீட்டுக்குப் போகும், அங்கே எல்லோரும் கரையில் பத்திரமாக இருப்பார்கள், தேடல் அதோடு நின்றுபோகும். ஆபத்து அழைப்புக் கருவி, வள்ளம் இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எது இருந்தாலும் பழைய உரிமையாளர் பெயரிலும் செல்போன் எண்ணிலும்தான் பதிவாகியிருக்கும். மீன்வள அலுவலகத்தில் சொல்லி மாற்றுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டில் எதைக் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது வள்ளத்தின் பெயரையும் எண்ணையும்தான். பதற்றத்தில் கூட வருபவர்கள் வாயில் பழைய பெயர் வரும், அவர்களையும் பழக்குங்கள்.

மானிய எண்ணெய்ப் புத்தகம், இன்சூரன்ஸ், சங்கப் பதிவேடு எல்லாம் அடுத்தடுத்து மாற வேண்டும். ஏலக்காரரிடமும் சொல்லுங்கள். கடலரசன் பேரேடு இருக்கிறதோ இல்லையோ, ஏலக்காரர் பேரேடு இருக்கிறது. அதில் இரண்டு சகாய மாதாவோடு மூன்றாவதாக உங்கள் கணக்கும் நின்றால் உங்கள் மீன் காசு யார் பக்கத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது.

மந்திரிப்பதை அந்தோனியாருக்கு உரிய செவ்வாய்க்கிழமை வைத்துக்கொண்டால் அம்மாவுக்குத் திருப்தி. பெயிண்ட் அடித்து ஏழு நாள் கழிந்த செவ்வாயாக இருக்கட்டும், அதுவரை பி.யூ. முழுதாக இறுகியிருக்காது. மஞ்சளோ குங்குமமோ ஈரப் பெயிண்டில் பட்டால் கறை போகாது. மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டுங்கள். யாராவது திருஷ்டிக்குத் தேங்காய் உடைக்க வந்தால் மணலில் கல்லைப் போட்டு அதில் உடைக்கச் சொல்லுங்கள். அணியத்தில் உடைத்தால் ஜெல்கோட் நட்சத்திரம்போல் விரிந்து அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும். பாட்டில் உடைக்கும் யோசனை மச்சானுக்கு இருந்தால் அதையும் தடுத்துவிடுங்கள், வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற கரை அது. கற்பூரம், மெழுகுதிரி எதையும் வள்ளத்துக்குள் கொளுத்த வேண்டாம். என்ஜின் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. டேங்கைக் கழற்றி வைத்திருந்தாலும் ஆவி அடியில் தங்கியிருக்கும்.

பழைய மாதா படமோ பெயர்ப் பலகையோ வள்ளத்தில் இருந்தால் கடலில் விடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். ஒரு துணியில் சுற்றி விற்றவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் அவர் கையெழுத்து எப்படியும் வேண்டியிருக்கும், ஒரே பஸ் செலவில் இரண்டும் முடியும்.